எட்டு விருதுகள் நான்காகுமா?

நியூயார்க்கின் பிராட்வே நாடக உலகம் ஆண்டுக்கு ஒருமுறை தன் கலைஞர்களுக்கு வழங்கும் டோனி விருதுகளில் நடிப்புக்கென்று எட்டுப் பிரிவுகள் இருக்கின்றன. வசன நாடகம், இசை நாடகம் என்று முதலில் இரண்டாகப் பிரித்து, அவை ஒவ்வொன்றிலும் முதன்மைப் பாத்திரம், துணைப் பாத்திரம் என்று இருநிலை வகுத்து, ஒவ்வொரு நிலையிலும் நடிகர், நடிகை என்று இரண்டு வரிசை அமைத்ததால் வந்த எட்டு அது. இந்த மூன்று பகுப்புகளில் முதலிரண்டும் மேடையில் செய்யப்படும் வேலையின் தன்மையைப் பொறுத்தவை. மூன்றாவது மட்டும் அந்த வேலையைச் செய்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தது. ஒளியமைப்பாளருக்கும், உடை வடிவமைப்பாளருக்கும், இயக்குநருக்கும், நாடகாசிரியருக்கும் கேட்கப்படாத இந்தக் கேள்வி நடிப்பவரிடம் மட்டும் ஏன் கேட்கப்படுகிறது என்று கடந்த பத்தாண்டுகளாக அமெரிக்க, பிரிட்டிஷ் நாடக வட்டாரங்களில் நடந்துவரும் விவாதம், ஒவ்வோராண்டும் பரிந்துரைப் பட்டியல் வெளியாகும் வசந்த காலத்தில் சூடுபிடித்து, விருது விழா முடிந்ததும் தணிந்து, அடுத்த ஆண்டு மறுபடியும் தொடங்குகிறது.

இந்தப் பகுப்பின் வயது டோனியின் வயதேதான். நடிகையாகவும் இயக்குநராகவும் இருந்த ஆன்டனெட் பெரியின் நினைவாக அமெரிக்கன் தியேட்டர் விங் என்ற அமைப்பு 1947-இல் இவ்விருதுகளைத் தொடங்கியபோது, ஹோசே ஃபெரர், ஃபிரெட்ரிக் மார்ச் ஆகிய இரு நடிகர்களும், இங்கிரிட் பெர்க்மன், ஹெலன் ஹேய்ஸ் ஆகிய இரு நடிகைகளும் முதன்மை நடிப்புக்காகச் சிறப்பிக்கப்பட்டார்கள். இன்று மேடையில் உயர்த்திக் காட்டப்படும் பதக்கம் அப்போது கிடையாது. அது 1949-இல்தான் வந்தது. முதலாண்டில் வென்றவர்களுக்குப் பாராட்டுச் சுருளோடு அணிகலன் வகையும் கொடுக்கப்பட்டது: பெண்களுக்குத் தங்கத்தாலான பவுடர் டப்பாவும் கைவளையும், ஆண்களுக்குப் பணத்தாளைச் செருகி வைக்கும் கிளிப்பும். அக்காலத்தில் அது உபசாரமாகவே கருதப்பட்டிருக்கும் என்றாலும், பரிசுப் பொருளிலேயே ஆண் சம்பாதிப்பவன், பெண் அலங்கரித்துக்கொள்பவள் என்ற எண்ணம் பதிந்து கிடந்ததை இப்போது காணாமலிருக்க முடியாது. பொருள் மாறி இருபாலருக்கும் ஒரே பதக்கம் என்றானது. வரிசை மட்டும் இரண்டாகவே நின்றுவிட்டது.

விவாதத்தைப் புரிந்துகொள்ள விருதின் இயந்திரம் எப்படிச் சுழல்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிராட்வே என்பது நாடகத்தின் தரத்தைக் குறிக்கும் பெயரன்று. மன்ஹாட்டனில் 500 இருக்கைகளுக்குக் குறையாத, எண்ணி 41 என்று வரையறுக்கப்பட்ட அரங்குகளின் பெயர். இவற்றில் ஒரு பருவத்தில் அரங்கேறும் நாடகங்களை எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்ற கட்டாயத்தோடு ஒரு பரிந்துரைக் குழு அமர்த்தப்படுகிறது. அது பிரிவுக்கு ஐந்து பேர் என்ற அளவில் பட்டியலிட, தயாரிப்பாளர்கள், கலைஞர்கள், அரங்க உரிமையாளர்கள் முதலான சுமார் 800 பேர் அப்பட்டியலிலிருந்து வாக்களிக்கிறார்கள். யார் எந்தப் பிரிவில் சேர்வார் என்பதை முடிவு செய்வது இவ்விரு தரப்பும் அல்லாத மூன்றாவது ஒன்று, அதாவது நிர்வாகக் குழு. முதன்மைப் பாத்திரமா துணைப் பாத்திரமா என்பதற்கு அது கையாளும் அளவுகோல் வேடிக்கையானது. விளம்பரப் பலகையில் நாடகத்தின் தலைப்புக்கு மேலே பெயர் அச்சானவர் முதன்மை நடிகர், கீழே அச்சானவர் துணை நடிகர் என்பதே அடிப்படை விதி. அது பொருந்தாதபோது குழு கூடித் தனித்தனியே மாற்றிக்கொள்ளும். கலையின் இயல்பிலிருந்தே பிறந்தவை என்று தோன்றும் பிரிவுகள் பலவும் இப்படி ஒப்பந்தக் கடிதத்திலும் அச்சுக்கூடத்திலும் பிறந்தவைதான்.

அந்தப் பிரிவுகள் எவ்வளவு செயற்கையானவை என்பதைப் பெருந்தொற்று ஆண்டு வெளிச்சம் போட்டுக் காட்டியது. 2020 மார்ச்சில் அரங்குகள் மூடப்பட்டுப் பருவம் பாதியில் நின்றுவிட, இசை நாடக முதன்மை நடிகர் பிரிவில் ‘மூலான் ரூஜ்’ நாடகத்தின் ஆரன் ட்வெய்ட் ஒருவர் மட்டுமே பரிந்துரைக்கப்பட்டார். போட்டியாளரே இல்லாத போட்டியில் அவர் தோற்கவும் வழி வேண்டுமல்லவா? ஆகவே வாக்களிப்போரில் 60 விழுக்காட்டினராவது அவருக்கு ஆதரவாகக் குறித்தால்தான் விருது என்று விதிக்கப்பட்டது, அவர் வென்றார். அதே பருவத்தில் நடிகைகளின் வரிசையில் போட்டி இருந்தது. இரு வரிசையையும் ஒன்றாக்கியிருந்தால் இந்தக் கேலிக்கூத்துக்கே இடமிருந்திராது என்பது ஒன்றிணைப்பை ஆதரிப்போர் தவறாமல் எடுத்துக்காட்டும் செய்தி.

வேடமும் வேடதாரியும்

நடிகர், நடிகை என்ற பகுப்பு பாத்திரத்தின் பாலைப் பின்பற்றுவதில்லை, நடிப்பவரின் பாலைப் பின்பற்றுகிறது என்பது பலர் கவனிக்கத் தவறும் உண்மை. 1955-இல் மேரி மார்ட்டின் பீட்டர் பேன் என்னும் சிறுவனாகப் பறந்து சிறந்த நடிகை ஆனார். 1996-இல் ‘ரென்ட்’ நாடகத்தில் பெண்ணுடை தரித்த ஏஞ்சலாக நடித்த வில்சன் ஜெர்மெய்ன் ஹெரேடியா சிறந்த துணை நடிகர் ஆனார். 2003-இல் ‘ஹேர்ஸ்ப்ரே’யில் பருத்த உடம்பும் பெரிய மனசும் கொண்ட தாய் எட்னாவாக வந்த ஹார்வி ஃபியர்ஸ்டீன் சிறந்த நடிகர். 2014-ஆம் ஆண்டு இன்னும் சுவையானது: ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தை அக்கால வழக்கப்படி முழுக்க ஆண்களே நடித்த தயாரிப்பில் ஒலிவியா சீமாட்டியாக வந்த மார்க் ரைலன்ஸ் துணை நடிகர் விருதையும், ‘ஹெட்விக் அண்ட் தி ஆங்ரி இஞ்ச்’ நாடகத்தில் யிட்ஸாக் என்ற ஆணாக வந்த லீனா ஹால் துணை நடிகை விருதையும் ஒரே இரவில் பெற்றார்கள். 2025-இல் ‘தி பிக்சர் ஆஃப் டோரியன் கிரே’ நாடகத்தில் ஆணும் பெண்ணுமாக 26 பாத்திரங்களையும் ஒருவராகவே ஏற்று நடித்த ஆஸ்திரேலியரான சாரா ஸ்னூக் சிறந்த நடிகை.

இப்பட்டியல் சொல்லும் செய்தி எளிது. பெண் வேடத்தை ஆணும், ஆண் வேடத்தைப் பெண்ணும் ஏற்று வெற்றி பெற முடிகிறது. அந்த வெற்றியை அளக்கத் தெரிந்த வாக்காளர்களும் இருக்கிறார்கள். அவ்வாறிருக்க, ஒரே வகையான திறனை ஒரே கண்கள் பார்த்து மதிப்பிட்டு முடித்தபின், மதிப்பெண் தாளை மட்டும் இரண்டு கட்டாகக் கட்டி வைப்பதற்கு நடிப்புக் கலையில் காரணம் தேட முடியாது. ஓட்டப்பந்தயத்தில் ஆண், பெண் என்று பிரிப்பதற்குத் தசையும் எலும்பும் நுரையீரலும் சாட்சி சொல்கின்றன. மேடையில் ஒலிவியாவாக நிற்பதற்கு அப்படி எந்தச் சாட்சியும் இல்லை. காரணம் இருக்கிறதென்றால் அது கலைக்கு வெளியே, வாய்ப்புகளின் பங்கீட்டில் இருக்க வேண்டும். அங்கே இருக்கத்தான் செய்கிறது. அதற்குப் பின்னர் வரலாம்.

இரண்டு வரிசைக்கும் வெளியே

பழைய முறை இடித்துக்கொண்ட இடம், தம்மை ஆண் என்றோ பெண் என்றோ அடையாளப்படுத்திக்கொள்ளாத, அதாவது பாலின இருமைக்குள் அடங்காத கலைஞர்கள் வெளிப்படையாக மேடைக்கு வந்த இடம். தொலைக்காட்சித் தொடரான ‘பில்லியன்ஸ்’ மூலம் அறியப்பட்ட ஏஷியா கேட் டில்லன், 2017-இல் எம்மி விருதுக்குத் தம் பெயரை எந்தப் பிரிவில் அனுப்புவது என்று விருது அமைப்பிடம் எழுத்து மூலம் கேட்டதிலிருந்து இந்தக் கேள்வி பொதுவெளிக்கு வந்தது. அதே ஆண்டில் எம்டிவி தன் திரைப்பட, தொலைக்காட்சி விருதுகளில் நடிப்புப் பிரிவுகளை ஒன்றாக்கியது. முதல் பொதுப் பிரிவு விருதை எம்மா வாட்சனுக்கு வழங்க மேடைக்கு அழைக்கப்பட்டவர் டில்லனே.

பிராட்வேயில் இது 2023-இல் உச்சத்துக்கு வந்தது. ரோமியோவோடு சாகாமல் பிழைத்துக்கொண்ட ஜூலியட்டின் கதையைச் சொல்லும் ‘அண்ட் ஜூலியட்’ என்ற இசை நாடகத்தில் அவளுடைய தோழமைப் பாத்திரமான மே-யாக நடித்த ஜஸ்டின் டேவிட் சல்லிவன், இரு வரிசையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விருப்பமில்லாமல், பரிந்துரைப் பரிசீலனையிலிருந்தே விலகிக்கொள்வதாகப் பருவத்தின் நடுவே அறிவித்தார். விருது கிடைக்காமல் போவது வேறு. பட்டியலிலேயே இடம் வேண்டாம் என்பது வேறு. தொழிலின் தொடக்கத்திலிருக்கும் ஒரு மேடைக் கலைஞர் டோனி வாய்ப்பை உதறுவது எவ்வளவு பெரிய விலை என்பதை அத்தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள்.

அதே பருவத்தில் வேறு இருவர் வேறு வழியைத் தேர்ந்தார்கள். ‘சம் லைக் இட் ஹாட்’ நாடகத்தில் கொலைகாரக் கும்பலிடமிருந்து தப்பிக்கப் பெண்ணுடை பூண்டு மகளிர் இசைக்குழுவில் சேர்ந்து, பூண்ட உடையிலேயே தன் இயல்பைக் கண்டுகொள்ளும் ஜெரி என்ற டாஃப்னியாக நடித்த ஜே. ஹாரிசன் கீ முதன்மை நடிகராகவும், ‘ஷக்ட்’ நாடகத்தில் சொந்தமாக விஸ்கி காய்ச்சி விற்கும் லூலு என்ற பெண்ணாக வந்து ஒரு பாட்டிலேயே அரங்கை எழுந்து நிற்க வைத்த அலெக்ஸ் நியூவெல் துணை நடிகராகவும் இசை நாடகப் பிரிவுகளில் வென்றார்கள். பாலின இருமைக்குள் அடங்காதவர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர்களில் நடிப்புக்காக டோனி பெற்ற முதல் இருவர் இவர்களே. 2025-இல் ‘ஓ, மேரி!’ நாடகத்தைத் தாமே எழுதி, அதிபர் லிங்கனின் மனைவியாகத் தாமே நடித்த கோல் எஸ்கோலா வசன நாடகத்தின் சிறந்த நடிகராக வென்றபோது, பெண் வேடத்தில், ஆண் வரிசையில், இரண்டிலும் சேராத ஒருவர் என்ற முழு முரணும் ஒரே உருவில் மேடையேறியது. அவர்கள் வென்றுவிட்டார்களே, பிறகு எங்கே தடை என்று கேட்பவர்கள் உண்டு. கதவு குறுகலாக இருந்தும் சிலர் நுழைந்துவிட்டார்கள் என்பது கதவின் அகலத்துக்குச் சான்றாகாது.

இவர்களுக்கென்று மூன்றாவதாக ஒரு வரிசை ஏற்படுத்தலாமே என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. ஒரு பருவத்தில் அதற்குத் தகுதி பெறுவோர் இருவரோ மூவரோதான் என்றால், ட்வெய்டுக்கு நேர்ந்த தனியாள் போட்டி அங்கே ஆண்டுதோறும் நேரும். தவிரவும் அது ஒதுக்கீடாக இல்லாமல் ஒதுக்கலாகவே முடியும். இந்த யோசனை விரைவில் மறக்கப்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் பிரிவுகளை ஒன்றாக்குவதற்கு எதிரான ஒரு வாதம் எதிர்பாராத திசையிலிருந்து வருகிறது. ‘எ ஸ்ட்ரேஞ்ச் லூப்’ நாடகத்துக்காக 2022-இல் எல் மார்கன் லீ துணை நடிகை பிரிவில் பரிந்துரைக்கப்பட்டபோது, நடிப்புக்கான டோனி பரிந்துரை பெற்ற முதல் வெளிப்படையான திருநங்கை ஆனார். பெண் என்று ஏற்கப்படுவதற்கே வாழ்நாள் முழுக்கப் போராட வேண்டியிருக்கும் ஒருவருக்கு ‘சிறந்த நடிகை’ என்ற வரிசையில் தம் பெயரைக் காண்பது நடிப்புக்கான மதிப்பு மட்டுமன்று, ஓர் ஏற்பும்கூட. அந்த வரிசையையே எடுத்துவிட்டால் ஒருவருடைய இறுக்கம் தளரும் அதே செயலில் இன்னொருவருடைய அங்கீகாரம் கரைகிறது. பொதுப் பிரிவுக்கு ஆதரவானவர்கள் இந்த வாதத்தைக் கண்டும் காணாமல் கடந்து போவது அவர்களுடைய வழக்கின் பலவீனம்.

முன்னோடிகள்

டோனியும் லண்டனின் ஒலிவியர் விருதுகளும் தயங்கி நிற்க, அவற்றைச் சுற்றியிருந்த விருதுகள் ஒவ்வொன்றாக நகர்ந்துவிட்டன. உண்மையில் சில விருதுகள் நகர வேண்டிய தேவையே இல்லாதவை. பிராட்வேக்கு வெளியேயுள்ள சிறிய அரங்குகளுக்காக ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழ் 1956-இல் தொடங்கிய ஓபி விருதுகள், பரிந்துரைப் பட்டியலும் போட்டியும் இல்லாமல், அந்தப் பருவத்தில் குறிப்பிடத்தக்க நடிப்பை வழங்கியவர்கள் என்று தோன்றியவர்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடின்றி வழங்கப்பட்டவை. டிராமா லீக் அமைப்பு 1935-இல் கேத்தரின் கார்னலுக்கு முதலில் வழங்கிய சிறப்பு நடிப்புக்கான விருதோ, ஒரு பருவம் முழுமைக்கும் ஒரே ஒருவருக்கு, அதுவும் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே என்ற விதியோடு, பாலைப் பற்றிக் கேட்காமலே பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. ஆக, பாலினப் பொதுப் பிரிவு இக்காலத்து இளைஞர்களின் கண்டுபிடிப்பு என்று சலித்துக்கொள்வோர் நாடக வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

சிகாகோ நகரத்தின் ஜெஃப் விருதுகளும், டொரன்டோவின் டோரா மேவர் மூர் விருதுகளும், வாஷிங்டனின் ஹெலன் ஹேய்ஸ் விருதுகளும் தத்தம் நடிப்புப் பிரிவுகளை ஒன்றாக்கின. நியூயார்க்கிலேயே டிராமா டெஸ்க், அவுட்டர் கிரிட்டிக்ஸ் சர்க்கிள் ஆகிய இரண்டும் 2023-இல் அவ்வழி சென்றன. இவற்றில் டிராமா டெஸ்க் செய்தது நுட்பமான ஏற்பாடு: வரிசைகளை இணைத்தபோது பரிந்துரைகளின் எண்ணிக்கையை இருமடங்காக்கி, வாக்காளருக்கு ஆளுக்கு இரண்டு வாக்குகள் தந்து, பிரிவுக்கு இருவர் வெல்வார்கள் என்று விதித்தது. பாலைக் கேட்பது நின்றது; விருதின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை.

பெண்களுக்கு என்ன நேரும்?

ஒன்றிணைப்புக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் கனமானது, பொதுப் பிரிவு என்ற பெயரில் ஆண்களே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார்கள் என்ற அச்சம். இது வெறும் கற்பனை அன்று. பிரிட்டனின் பிரிட் இசை விருதுகள் 2022-இல் ஆண், பெண் பிரிவுகளைக் கலைத்தன. முதலாண்டில் அடேல் வென்றதும் எல்லாரும் நிம்மதியடைந்தார்கள். அடுத்த ஆண்டே சிறந்த கலைஞருக்கான பட்டியலில் ஐந்து பேரும் ஆண்களாக வந்து நின்றார்கள். 2024-இல் பட்டியலைப் பத்துப் பேராக நீட்டித்துத்தான் அந்த அமைப்பு தன் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

டோனிக்குள்ளேயே இதைவிட நீண்ட சான்று இருக்கிறது. இயக்கத்துக்கான விருது தொடக்கம் முதலே பாலினப் பொதுப் பிரிவுதான். 1947-இல் தொடங்கிய அந்த விருதுகளில் இயக்குநராக ஒரு பெண் வெல்ல 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு ‘தி பியூட்டி குவீன் ஆஃப் லீனேன்’ வசன நாடகத்துக்காக அயர்லாந்தின் கேரி ஹைன்ஸும், ‘தி லயன் கிங்’ இசை நாடகத்துக்காக ஜூலி டேமரும் ஒன்றாக வென்றார்கள். அரை நூற்றாண்டு! சிறந்த நாடகத்துக்கான விருதைத் தனியாக எழுதி வென்ற முதல் பெண் 1989-இல் வென்டி வாசர்ஸ்டீன். இசைக்கும் பாடலுக்குமான விருதைத் தனியாக வென்ற முதல் பெண் 2013-இல் சின்டி லாப்பர். இதே ஆண்டுகள் நெடுகிலும் நடிப்பில் மட்டும் ஆண்டு தவறாமல் ஆணுக்கு நிகரான எண்ணிக்கையில் பெண்கள் வென்றுவந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் நியாய உணர்ச்சியன்று, தனி வரிசை. அந்தப் பாதுகாப்புச் சுவரைப் பெண்கள் விட்டுக்கொடுக்கத் தயங்குவதைப் பழைமைவாதம் என்று தள்ளிவிட முடியாது.

ஆயினும் நடைமுறைக்கு வந்தபின் கிடைத்த முடிவுகள் அச்சத்துக்கு நேர் எதிராக இருந்தன. டிராமா டெஸ்க் பொதுப் பிரிவுகளின் முதலாண்டான 2023-இல் வசன நாடக முதன்மை நடிப்புக்கு ஜெசிக்கா சாஸ்டெய்னும் ஷான் ஹேய்ஸும் வென்றார்கள். பழைய முறையே தொடர்ந்திருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும் என்று சொல்லத்தக்க, ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்ற முடிவு. 2024-இல் அதே பிரிவில் ஜெசிக்கா லேங்கும் சாரா பால்சனும் வென்றார்கள், இருவரும் பெண்கள். 2025-இல் இசை நாடக முதன்மை நடிப்புக்கு ஆட்ரா மெக்டொனால்டும் ஜாஸ்மின் ஏமி ராஜர்ஸும் வென்றார்கள், அவர்களும் பெண்களே. பெர்லின் திரைப்பட விழா 2021-இல் நடிப்புக்கான வெள்ளிக் கரடியைப் பொதுவாக்கியபின் முதல் மூன்று ஆண்டுகள் முதன்மை நடிப்புக்கான கரடி மாரன் எக்கர்ட், மெல்டெம் கப்தான், சிறுமியான சோஃபியா ஓட்டேரோ என்று பெண்களிடமே போனது. 2024-இல் செபாஸ்டியன் ஸ்டான் வந்த பிறகே ஓர் ஆண்.

இதிலிருந்து நடிப்பில் பெண்கள்தான் சிறந்தவர்கள் என்று யாரும் முடிவு கட்டத் தேவையில்லை; நான்கைந்து ஆண்டுகளின் விளைவைக் கொண்டு விதி எழுதுவது அவசரம். ஆனால் இயக்கத்துக்கும் நடிப்புக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை இது கண்முன் நிறுத்துகிறது. ஒரு நாடகத்துக்கு இயக்குநர் ஒருவர் போதும். அந்த ஒருவர் ஆணாகவே இருந்துவந்த காலத்தில் பெண்கள் விருதுக்கு முன்பே, வேலை கிடைக்கும் இடத்திலேயே தோற்றுவிட்டார்கள். நடிப்பிலோ நாடகம் பெண் பாத்திரங்களோடு எழுதப்பட்டிருந்தால் பெண்கள் மேடைக்கு வந்தே ஆகிறார்கள். வந்தபின் வாக்காளரின் கண்ணில் படாமல் போவதில்லை. எனவே பெண் நடிகர்களின் கதி விருதுப் பிரிவைக் காட்டிலும் எழுதப்படும் பாத்திரங்களைச் சார்ந்தது என்று கொள்வதே பொருத்தம். 2022-இல் வசன நாடக முதன்மை நடிகர் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட ஏழு பேரில் சைமன் ரஸ்ஸல் பீல், ஆடம் காட்லி, ஏட்ரியன் லெஸ்டர் ஆகிய மூவர் ‘தி லேமன் டிரிலஜி’ என்ற ஒரே நாடகத்திலிருந்து வந்தவர்கள். ஒரு வங்கிக் குடும்பத்தின் பல தலைமுறைகளையும், அவர்களின் மனைவிமார் உட்பட, மூன்று ஆண்களே நடித்த நாடகம் அது, வென்றவர் பீல். இத்தகைய நாடகங்கள் மலிந்த ஒரு பருவத்தில் பொதுப் பிரிவு பெண்களுக்குப் பாதகமாகும், மாறான பருவத்தில் ஆண்களுக்கு. தனி வரிசை இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வதில்லை, மூடி வைக்கிறது. ஏறத்தாழ எந்தப் பருவத்திலும் ஐந்து நடிகையர் பட்டியலில் இருப்பார்கள் என்பதால், அவர்களுக்கு எத்தனை பாத்திரங்கள் எழுதப்பட்டன என்று எண்ணிப் பார்க்கும் அவசியமே யாருக்கும் எழுவதில்லை.

புலிக்கு எந்த வரிசை?

வரிசைப் பகுப்பின் அபத்தம் முழுமையாக வெளிப்பட்டது மனிதப் பாத்திரம் ஒன்றின் மூலமாக அன்று. யான் மார்ட்டெலின் நாவலை லொலீட்டா சக்ரவர்த்தி மேடைக்கு எழுதிய ‘லைஃப் ஆஃப் பை’ நாடகத்தில், புதுச்சேரி விலங்குக் காட்சிசாலையிலிருந்து கப்பலேறி, கப்பல் கவிழ்ந்தபின் ‘பை’ என்ற பதின்வயதுப் பையனோடு படகில் மிதக்கும் ரிச்சர்ட் பார்க்கர் என்ற வங்கப் புலி, நிக் பார்ன்ஸும் ஃபின் கால்டுவெல்லும் வடிவமைத்த முழு அளவுப் பாவை. தலையை ஒருவர், நெஞ்சுப் பகுதியை ஒருவர், பின்னங்கால்களை ஒருவர் என்று ஒரு வேளையில் மூவர் அதைத் தாங்கி இயக்குகிறார்கள். பார்வையாளர் கண்ணுக்கு அவர்கள் மறைக்கப்படுவதில்லை. எனினும் மூவரின் மூச்சும் ஒரே தாளத்தில் இழைவதால், விலா எலும்புகள் ஏறி இறங்குவதும், தோள் தாழ்ந்து பதுங்குவதும், பசியில் தலை திரும்புவதும் ஒரே உடம்பின் செயலாகத் தெரிகின்றன. சில நிமிடங்களில் மனிதர்கள் மறைந்து புலி மட்டும் எஞ்சுகிறது. முறைவைத்து இந்த வேலையைச் செய்த ஏழு கலைஞர்களுக்கும் கூட்டாக 2022 ஒலிவியர் விழாவில் ஒரு விருது வழங்கப்பட்டது. விருதின் பெயர், துணைப் பாத்திரத்தில் சிறந்த நடிகர். எழுவரில் டெய்சி ஃபிராங்க்ஸ், ரொமீனா ஹிட்டன், ஸ்கார்லெட் வில்டரிங்க் ஆகிய பெண்களும் இருந்தார்கள்.

புலி ஆண் என்பதால் அந்த வரிசை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் பாத்திரத்தின் பால் கணக்கில் வராது என்பதுதானே விதி? ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரே உடம்பாக ஒரே பாத்திரத்தை நடித்தபோது விதி செயலற்றுப் போனது. அமைப்பாளர்கள் அதை மீறி நியாயம் செய்தார்கள், அதுவும் சத்தமில்லாமல். பையாக நடித்த இலங்கையில் பிறந்த ஹிரன் அபேசேகர அதே இரவில் சிறந்த நடிகராக வென்றார். நாடகம் 2023-இல் பிராட்வே சென்றபோது, அரங்க வடிவமைப்பு, ஒளி, ஒலி ஆகியவற்றுக்கு டோனி விருதுகள் கிடைத்தன. நடிப்புக்கான பரிந்துரைப் பட்டியலில் பையும் இல்லை, புலியும் இல்லை.

கூட்டு நடிப்பை எப்படி எண்ணுவது என்பதில் அட்லாண்டிக்கின் இரு கரைகளும் முன்பும் வேறுபட்டிருக்கின்றன. ‘மட்டில்டா’ இசை நாடகத்தில் முறைவைத்து நாயகியாக நடித்த நான்கு சிறுமியருக்கும் 2012-இல் லண்டன் சிறந்த நடிகை விருதைப் பகிர்ந்து அளித்தது. மறு ஆண்டு நியூயார்க்கில் அதே பாத்திரத்தை ஏற்ற நால்வரும் போட்டியில் சேர்க்கப்படாமல் ஒரு கௌரவ விருதோடு அனுப்பப்பட்டார்கள். ஆனால் அதே டோனி 2009-இல் ‘பில்லி எலியட்’ நாடகத்தின் மூன்று சிறுவர்களைக் கூட்டாகப் பரிந்துரைத்து விருதும் கொடுத்திருந்தது. விதிகள் இவ்வளவு நெகிழக்கூடியவை என்றால், பாலைப் பற்றிய விதி மட்டும் கல்லில் பொறித்தது போல் ஏன் காக்கப்படுகிறது என்ற கேள்விக்கு விடை கலையில் கிடைக்காது, வணிகத்தில் கிடைக்கும்.

டோனி வென்ற நடிப்பு என்ற ஒரு வரி, அரங்க வாசலின் மேற்பலகையிலும் செய்தித்தாள் விளம்பரத்திலும் ஏறிய மறுநாளே நுழைவுச்சீட்டு விற்பனையை உயர்த்தக்கூடியது. எட்டுப் பேர் வென்றால் எட்டு நாடகங்கள் வரை அந்த வரியைப் போட்டுக்கொள்ளலாம். நான்கு பேர் என்றால் நான்கே. பரிந்துரையும் அவ்வாறே: பிரிவுக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால் இப்போது ஓராண்டில் 40 பேர் ‘டோனி பரிந்துரை பெற்றவர்’ என்ற அடைமொழியோடு அடுத்த ஒப்பந்தத்தில் கூடுதல் சம்பளம் கேட்க முடிகிறது, வரிசைகளை மட்டும் இணைத்து வேறெதையும் மாற்றாவிட்டால் அது 20 ஆகும். நடிப்புத் தொழிலில் வேலையில்லாத மாதங்களே மிகுதி என்பதால் இந்த 20 பேரின் இழப்பு அற்பமானது அன்று. பாலின அடையாளம் பற்றிய விவாதமாகத் தொடங்கும் ஒவ்வொரு கூட்டமும் கடைசியில் இந்த எண்ணிக்கையில் வந்து முட்டுவதற்குக் காரணம் இதுவே. ஒன்றிணைப்பை எதிர்ப்பவர்களில் பெரும்பாலோர் வெறுப்பினால் எதிர்ப்பதாகக் கொள்வதைவிட, தட்டில் இருப்பது பாதியாகிவிடும் என்று அஞ்சுவதாகக் கொள்வதே உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

அப்படியானால் டிராமா டெஸ்க் காட்டிய வழி, அதாவது நான்கு பிரிவு, பிரிவுக்குப் பத்துப் பரிந்துரை, பிரிவுக்கு இரண்டு விருது என்ற ஏற்பாடு, டோனிக்கும் பொருந்தும். அதிலும் குறையில்லாமல் இல்லை. இருவர் வெல்லும் போட்டியில் ‘சிறந்த’ என்ற சொல்லின் கூர்மை மழுங்குகிறது என்பார்கள். இப்போதும் ஆண்டுதோறும் இருவர் வென்று கொண்டிருக்கிறார்கள், வேறு வேறு பெயரில் என்பது அதற்குப் பதில். இரண்டு விருதும் ஒரே பாலுக்குப் போகும் ஆண்டுகள் வரும் என்பார்கள். வரத்தான் செய்யும், 2024-இல் டிராமா டெஸ்க்கில் வந்தது, நாடக உலகம் அதைத் தாங்கிக்கொண்டது. எல் மார்கன் லீயைப் போன்றவர்கள் இழக்கும் அங்கீகாரத்துக்கு மட்டும் இந்த ஏற்பாட்டில் ஈடு இல்லை. அதை ஒப்புக்கொண்டுதான் இதை ஆதரிக்க வேண்டும்.

டோனியின் விதிமுறைகள் பருவந்தோறும் மறுபரிசீலனைக்கு வருபவை ஆதலால், மாற்றத்துக்குச் சட்டத் திருத்தமோ பொதுவாக்கெடுப்போ தேவையில்லை. முன்னர் சொன்ன நிர்வாகக் குழு கூடி முடிவெடுத்தால் போதும். 24 பேர் கொண்ட அக்குழுவில் பத்துப் பேர் அமெரிக்கன் தியேட்டர் விங்கின் சார்பிலும், பத்துப் பேர் அரங்க உரிமையாளர்களும் தயாரிப்பாளர்களும் சேர்ந்த பிராட்வே லீக்கின் சார்பிலும் அமர்கிறார்கள். நாடகாசிரியர்கள், இயக்குநர்கள், அரங்க வடிவமைப்பாளர்கள், நடிகர்கள் ஆகியோரின் அமைப்புகளுக்கு ஆளுக்கு ஓரிடம். நடிகர்களுக்கு 24-இல் ஒன்று என்பதை மறக்காமல் பார்த்தால், அடையாளத்தைப் பற்றிய உருக்கமான வேண்டுகோள்கள் அந்த மேசையில் எவ்வளவு தூரம் போகும் என்பது விளங்கும். லீக்கின் பத்துப் பேரிடம் வைக்கத்தக்க முன்மொழிவு, மேற்பலகையில் எழுதிக்கொள்ள எட்டு வெற்றிகள் இனியும் இருக்கும் என்ற உறுதியோடு தொடங்கும் முன்மொழிவாகவே இருக்க முடியும்.